கோவளம் தாண்டினால் நிற்கும் ஏசி

1. ஸ்பானருக்கு அடியில் இருந்த பேப்பர்

காலை பத்து மணி இருக்கும். ஷெட்டில் ஒரு காரின் கூலிங் காயிலைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழுமலை வந்தான். என் ஒர்க் பெஞ்ச் மேல் ஒரு பேப்பரை வைத்து, அது பறக்காமல் இருக்கப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து மேலே வைத்தான்.

“படிச்சிப் பாரு அண்ணாத்த,” என்றான்.

நான் ஐந்தாம் கிளாஸ் வரைக்கும்தான் போனவன். ஆனால் தமிழ் நன்றாகவே படிப்பேன். பேப்பரில் டைப் அடித்திருந்தது இதுதான்: விருந்தினர்களை ஏற்றி வரும்போது, டீசலை மிச்சம் பிடித்து வெளியில் விற்பதற்காக, வண்டியின் ஏசியை நானே நிறுத்திவந்தேன். செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். கீழே ஏழுமலையின் பேர், அப்பா பேர், சதுரங்கப்பட்டினம் என்று ஊர். அதற்கு மேல் கையெழுத்துக்காக ஒரு கோடு.

அவன் வேலை பார்க்கிற ரிசார்ட்டின் மேனேஜர் கொடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அத்தோடு விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனாம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. கையில் இருந்த பிரஷ்ஷைத் தூக்கி வாளியில் போட்டதில் தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

ஏழுமலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற ஒரு ரிசார்ட்டில் ஒன்பது வருஷமாக டிரைவர். பேர் வேண்டாம், அந்த ரிசார்ட் இன்றைக்கும் நடக்கிறது. ஏர்போர்ட்டுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவன் வேலை. ஏழு சீட் டீசல் வண்டி. அதை அவன் வைத்திருந்த விதத்தைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன். நான் லேசில் அசருகிற ஆள் கிடையாது.

“நீ நிறுத்தினியாடா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“எம் பொண்ணு மேல சத்தியமா இல்ல அண்ணாத்த. கோவளம் தாண்டுனா அதுவா நின்னுடுது. பட்டன்ல லைட்டு எரிஞ்சிகினே கீது. காத்து மட்டும் சூடா வருது. வூட்டுக்கு வந்து மறுநா ஸ்டார்ட் பண்ணா ஜில்லுனு கீது. இன்னா பண்ணுவேன் நானு?”

அது போதும் எனக்கு. பொய் சொல்கிறவன், ஏசி நின்றது என்பதோடு நிறுத்திக்கொள்வான். பட்டனில் லைட் எரிகிறது, மறுநாள் வேலை செய்கிறது என்பதெல்லாம் வண்டியோடு குடும்பம் நடத்தினவன் சொல்கிற வார்த்தை.

2. காலையில் பார்த்த டெஸ்ட்

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும். செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் என் ஷெட். முப்பத்தெட்டு வருஷமாகக் கார் ஏசி ஒன்றுதான் பார்க்கிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. காயலான் கடையில் எடைக்குப் போட்ட கம்ப்ரசர்களை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டேன். கல்பாக்கத்திலும் அணுபுரத்திலும் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் வண்டியை என்னிடம்தான் விடுகிறார்கள். “கன்னியப்பன் கை வெச்சா கம்ப்ரசர் பேசும்” என்று அவர்களே சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்வேன். கடலோரம் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்றில் அடி தகடு இற்றுப்போகும். அதற்குப் பழைய இஞ்சின் ஆயிலையும் டீசலையும் கலந்து, ஸ்பிரே கன்னில் ஊற்றி, வண்டிக்கு அடியிலும் இஞ்சினைச் சுற்றியும் அடிப்பது வழக்கம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து கோவளம் வரைக்கும் இதைப் பழக்கப்படுத்தினவனே நான்தான். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற மதுராந்தகம் பக்கத்து வண்டிக்காரனுக்கு இது தெரியாது, அவனுக்குத் தேவையும் இல்லை. எங்கள் கரையில் இது இல்லாமல் ஒரு வண்டியும் மழைக்காலத்தைத் தாண்டாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிசார்ட்டுக்காரர்கள் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மூன்று தடவை அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவையும் வண்டி ராத்திரியெல்லாம் அங்கே நின்றது. காலையில் நிழலில் ஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டரை மாட்டி, கேஸ் பிரஷர் பார்த்து, பத்து நிமிஷம் கூலிங் பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தனாவது வண்டியை வெயிலில் எடுத்து ஓட்டினானா? இல்லை. டிரைவர் என்ன சொல்கிறான் என்று கேட்டானா? அதுவும் இல்லை. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது என்று சொல்கிறவனைக் காலையில் கூட்டிப்போய்த் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு, இவன் பொய் சொல்கிறான் என்று எழுதின மாதிரி இருந்தது.

அந்த இங்கிலீஷ் பேப்பர் மூன்றும் சேர்ந்துதான் ஏழுமலையைத் திருடனாக்கியது. வண்டியில் கோளாறு இல்லை, ஆனால் ஏசி நிற்கிறது, அப்படியானால் நிறுத்துகிறவன் டிரைவர். கோவளத்துக்கு அப்புறம் ரோடு காலியாக இருக்கும், அங்கேதான் கை வைக்கிறான் என்று மேனேஜரே கணக்குப் போட்டுவிட்டார். போன வாரம் ஒரு வயசான அம்மா வண்டியில் மயக்கம் போட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது.

டீசல் திருடின டிரைவர் என்று பேர் ஆகிவிட்டால், இந்தக் கரையில் எந்த ரிசார்ட்டும் அவனை உள்ளே விடாது. அவன் அப்பாவோடு கடலுக்குப் போனவன் இல்லை. வலை தெரியாது, படகு தெரியாது. ஸ்டியரிங் ஒன்றுதான் தெரியும்.

நான் டூல்ஸ் பையை எடுத்தேன். “வண்டில ஏறு,” என்றேன். என் டூவீலரில் அவனைப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பேப்பர் அவன் சட்டைப் பையில் இருந்தது.

3. நீங்களே ஓட்டுங்க சார்

மேனேஜர் ரூமில் ஏசி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. மனுஷர் நாற்பது வயசுக்குள் இருப்பார். என்னை உட்காரச் சொல்லவில்லை. சர்வீஸ் சென்டர் பேப்பர் மூன்றையும் மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார்.

“பெரியவரே, இது கம்ப்யூட்டர்ல செக் பண்ணது. நீங்க எதை வெச்சு செக் பண்ணப் போறீங்க?”

“உங்கள வெச்சுத்தான் சார். நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல குந்திக்கிறேன். ஏழுமலை பின்னாடி சீட்ல கைய மடிச்சிகினு குந்திக்கட்டும்.”

அவர் சிரித்தார். “நிக்கலன்னா?”

“நிக்கலன்னா அந்தப் பேப்பர்ல சாட்சின்னு நான் கையெழுத்துப் போட்றேன். நின்னுதுன்னா பேப்பர என் கைல குடுத்துடணும்.”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கிழவனிடம் தோற்றுவிடுவோம் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மதியம் இரண்டு மணி. ரோட்டில் தார் பளபளத்தது. ஏசி போட்ட ஐந்து நிமிஷத்தில் வண்டி ஜில்லென்று ஆகிவிட்டது. திருவிடந்தை தாண்டினோம், ஜில்லென்றே இருந்தது. கோவளம் வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பி, “கோவளமும் தாண்டிடுச்சு பெரியவரே,” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம் வந்தது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஏழுமலை ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவன். அவன் கோவளத்துக்கு வரும்போது வண்டி முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். நாங்கள் மாமல்லபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தோம், அரை மணி கூட ஆகவில்லை. கோவளத்துக்கும் ஏசிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு சூடாகிறது என்பதுதான் கணக்கு. ஊர் பேரைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் ஊர் மேலேயே கண்ணாக இருந்துவிட்டார்கள்.

“முட்டுக்காடு வரைக்கும் போய்த் திரும்புங்க சார்,” என்றேன்.

திரும்பி வரும்போது, மறுபடி கோவளம் தாண்டி, திருவிடந்தைக்கு முன்னாலேயே காற்று மாறியது. முதலில் ஈரவாடை அடித்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு சூடு. மேனேஜர் பட்டனை அமுக்கினார். லைட் அணைந்தது. மறுபடி அமுக்கினார். லைட் எரிந்தது. காற்று சூடாகவே வந்தது. நாலு தடவை அமுக்கியிருப்பார். அவர் கழுத்தில் டை நனைந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஏழுமலை மெதுவாகச் சொன்னான்: “சார், நா ஒண்ணும் தொடல.”

4. சவுக்குக் குச்சி

ஓரத்தில் ஒரு சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்தச் சொன்னேன். இஞ்சினை அணைக்க வேண்டாம் என்றேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏசி நின்றவுடன் இஞ்சினை அணைத்தீர்களானால் சாட்சி ஓடிப்போய்விடும்.

பானெட்டைத் தூக்கினேன். இந்த வண்டியில் கம்ப்ரசர் மேலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். கம்ப்ரசருக்கு முன்னால் பெல்ட்டில் சுற்றுகிற புல்லி. புல்லிக்கு முன்னால் ஒரு தட்டு, அதுதான் கிளச் பிளேட். புல்லிக்குப் பின்னால் காயில். ஏசி பட்டனைப் போட்டால் காயிலுக்குக் கரண்ட் வந்து காந்தமாகி, பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். கூலிங் போதுமென்றால் விட்டுவிடும், மறுபடி வேண்டுமென்றால் இழுக்கும். ஒரு பயணத்தில் நூறு தடவை நடக்கும்.

இப்போது புல்லி சுற்றிக்கொண்டிருந்தது. பிளேட் அப்படியே நின்றது. மேனேஜரை அழைத்துக் காட்டினேன். டெஸ்ட் லேம்பை எடுத்துக் காயில் ஒயரில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பட்டன் சரி, ஒயர் சரி, கரண்ட் வருகிறது, காந்தம் இழுக்கப் பார்க்கிறது. பிளேட் தூரத்தில் இருக்கிறது, எட்டவில்லை.

கீழே கிடந்த நீளமான சவுக்குக் குச்சி ஒன்றை எடுத்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். குச்சி முனையால் பிளேட்டை லேசாக உள்ளே தள்ளினேன். டக்கென்று பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. இதை யாரும் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருத்தருக்கு இப்படித்தான் இரண்டு விரல் போனது.

“உள்ள போய்க் காத்துல கைய வெச்சிப் பாருங்க சார்.”

போய் வைத்தார். “வருது,” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். ஒன்பது வருஷம் உழைத்தவனைத் திருடன் என்று டைப் அடிக்கத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு, ஃபீலர் கேஜ் வைத்துப் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி பார்த்தேன். அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. வண்டி குளிர்ச்சியாக இருக்கும்போது காயிலுக்குப் பலம் இருக்கும், ஒரு மில்லி தூரத்திலிருந்தும் இழுத்துவிடும். சூடு ஏற ஏறக் காந்தம் சோர்ந்துபோகும். அப்புறம் ஒரு தடவை விட்டால் மறுபடி பிடிக்காது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு மூன்று தடவை கம்ப்யூட்டர்.

5. பேப்பரின் பின்பக்கம்

ரிசார்ட்டுக்கு வந்து, வண்டி கொஞ்சம் ஆறினதும், பிளேட்டைக் கழற்றினேன். மேனேஜர் பக்கத்தில் நின்றார். ஏழுமலை டூல்ஸ் எடுத்துக் கொடுத்தான். நடு போல்ட்டைக் கழற்றிப் பிளேட்டை இழுத்தால் உள்ளே மெல்லிசு வாஷர்கள் இருக்கும். ஒரு வாஷரை எடுத்துவிட்டால் இடைவெளி குறையும். பத்து நிமிஷ வேலை.

பிளேட்டைத் திருப்பிப் பார்த்தேன். முகம் கறுப்பாகக் கருகி, கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரத்தில் பிசுபிசுவென்று எண்ணெய். கம்ப்ரசரிலிருந்து கசிந்த ஆயிலாக இருக்குமோ என்று விரலில் தொட்டு மோந்து பார்த்தேன்.

பழைய இஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்த வாடை.

அந்தக் கலவையை எனக்குத் தெரியாதா. என் ஷெட்டில், என் கையால் கலந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஏழுமலை, முதலாளி சொல்லாமல் தானாகவே வண்டியைக் கொண்டுவந்து, உப்பு அரிக்காமல் இருக்க அடித்துக் கொடு அண்ணாத்த என்றான். வேண்டப்பட்டவன் வண்டி என்று இஞ்சின் பக்கம் இரண்டு சுற்றுக் கூடவே அடித்தேன். கிளச்சை ஒரு துணி போட்டுக்கூட மூடவில்லை. ஆயில் பட்ட பிளேட் புல்லியைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கி, வழுக்கின சூட்டில் தேய்ந்து, இடைவெளி வளர்ந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத் தொழில்காரன் செய்கிற வேலையா அது?

ஏழுமலையை நிமிர்ந்து பார்த்தேன். அவன் பிளேட்டைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்.

“ஏன் இப்படி ஆச்சு?” என்று மேனேஜர் கேட்டார்.

நான் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். “உப்புக்காத்து சார்,” என்றேன்.

மேனேஜர் உடனே ஏழுமலை பக்கம் திரும்பினார். “அப்ப வண்டிய ஒழுங்கா மெயின்டெயின் பண்ணல. திருட்டுன்னு போட வேணாம், அலட்சியம்னு மாத்தி டைப் பண்ணித் தரேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

இந்த மனுஷனுக்கு எப்படியும் ஒரு கையெழுத்து வேண்டும். யார் தப்பு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏழுமலை என்கிற பேர் இருந்தால் போதும். அதைவிட ஆத்திரம், அந்தக் கையெழுத்தை வாங்குவதற்கு அவர் கையில் பேனாவை எடுத்துக் கொடுத்தது என் பொய். சர்வீஸ் சென்டர்காரன் சூடு பண்ணிப் பார்க்காமல் எழுதினான். நானோ எல்லாம் தெரிந்துகொண்டே மாற்றிச் சொன்னேன். யார் மோசம்?

“சார், பேப்பர என் கைல குடுக்கறதாப் பேச்சு,” என்றேன்.

ஏழுமலை பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வேர்வையில் நனைந்து மடிப்பெல்லாம் மெத்தென்று ஆகியிருந்தது. பானெட்டை இறக்கி, அதன் மேல் வைத்துப் பின்பக்கம் திருப்பினேன். மேனேஜர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன். எண்ணெய்க் கையோடு, எழுத்தெழுத்தாக எழுதினேன். எனக்கு வேகமாக எழுத வராது.

நான் எழுதினது இது: இந்த வண்டிக்கு ஆயில் அடித்தவன் நான். கிளச் மூடாமல் அடித்தேன். அதனால் ஏசி நின்றது. டிரைவர் ஏழுமலை மேல் ஒரு தப்பும் இல்லை. கன்னியப்பன், ஏசி மெக்கானிக், செங்கல்பட்டு.

மேனேஜர் வாங்கிப் படித்தார். இனிமேல் எங்கள் வண்டி எதிலும் நீ கை வைக்கக் கூடாது என்றார். அதுவரைக்கும் ‘பெரியவரே’ என்று இருந்தது ‘நீ’ ஆனது. அவர்களுடைய பதினோரு வண்டிகளுக்கும் ஆயில் அடிக்க டிரைவர்கள் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார்கள். சரி என்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தையை ஏழுமலையிடம் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை. “நாளைக்குக் காலைல ஏழு மணி பிக்கப் இருக்கு,” என்று சொல்லிச் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

பிளேட்டையும் புல்லியையும் தின்னர் போட்டுத் துடைத்து, எமரி பேப்பரால் தேய்த்து, ஒரு வாஷரை எடுத்துவிட்டு, அரை மில்லிக்குக் கொண்டுவந்து மாட்டினேன். வெயில் இறங்கும் வரைக்கும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கூட விடவில்லை. புது பிளேட் வந்ததும் ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னால், ஏழுமலை தலையை ஆட்டிவிட்டு, “உன்னத்தான் கை வெக்கக் கூடாதுன்னுட்டாரே அண்ணாத்த,” என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

இப்போது என் ஷெட்டில் ஆயில் அடிப்பதற்கு முன்னால் கிளச்சின் மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கயிற்றால் கட்டுகிறேன். கட்டாமல் கன்னைத் தொட யாரையும் விடுவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஓடி ஓடி நிற்கிற ஏசி என்று வந்தால், முக்கால் மணி நேரம் வெயிலில் ஓட்டாமல் பானெட்டைத் திறப்பதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன், என் கைத் தப்பு என்றால் முதலில் அதைச் சொல்கிறேன். தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்தப் பேப்பர் ரிசார்ட் ஃபைலில் இன்னமும் இருக்கும் என்று ஏழுமலை சொல்கிறான். முன்பக்கம் அவன் பேருக்கு மேலே கோடு மட்டும் இருக்கும். கையெழுத்து வேண்டுமென்று கேட்டார்கள் இல்லையா, அது பின்பக்கம் இருக்கிறது.